ஸ்னீக் என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், படங்களுக்கு சப்டைட்டில் எழுதுபவர்கள் எல்லோரும் அடிக்கடி தடுமாறுகிற சொல் ஸ்னீக். திருடன் ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கும் இதே சொல்தான், தூங்கும் குழந்தையை எழுப்பாமல் அம்மா அறையை விட்டு வெளியே வருவதற்கும் இதே சொல்தான். அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துக்கொண்டால் பாதி இடங்களில் தவறாகிவிடும். இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

ஸ்னீக் என்றால் என்ன?

யார் கண்ணிலும் படாமல், யார் காதிலும் விழாமல் ஓர் இடத்துக்குப் போவது அல்லது ஒரு காரியத்தைச் செய்வது. சத்தமில்லாமல் நகர்வது மட்டும் போதாது. 'யாரும் பார்த்துவிடக் கூடாது' என்ற எண்ணமும் கூடவே இருக்க வேண்டும்.

நூலகத்தில் ஒருவர் மெல்ல நடந்தால் அது அடுத்தவருக்குத் தொந்தரவு தராத நடை, அவ்வளவுதான். அதே நூலகத்தில் மூடும் நேரம் தாண்டியும் அலமாரிக்குப் பின்னால் நின்று, காவலர் முதுகைத் திருப்பியதும் அடுத்த வரிசைக்கு நகர்ந்தால் அது ஸ்னீக்.

நடுராத்திரியில் வீட்டை விட்டு வெளியே போகும் ஒரு பதின்வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். செருப்பு கையில் இருக்கிறது. படிக்கட்டின் நடுவில் கால் வைத்தால் பலகை முனகும் என்பதால் சுவரோரமாகவே பாதம் பதிக்கிறான். கதவின் கைப்பிடியை முழுக்க அழுத்திப் பிடித்தபடி கதவைச் சாத்துகிறான். பூட்டின் நாக்கு 'டக்' என்று விழக் கூடாது என்று, கதவு நிலையில் பொருந்திய பிறகுதான் கைப்பிடியை மெதுவாக விடுகிறான். அவன் செய்கிற ஒவ்வொன்றும் உள்ளே படுத்திருப்பவரின் காதை மனதில் வைத்துச் செய்வது. இதைத்தான் ஆங்கிலத்தில் 'ஹீ ஸ்னீக்ட் அவுட்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

அகராதிகளில் 'திருட்டுத்தனமாகச் செல்' என்று போட்டிருக்கிறதே. அப்படியானால் ஸ்னீக் செய்பவர் தப்பு செய்கிறவரா?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஸ்னீக் என்ற சொல்லின் மையம் குற்றம் இல்லை, மறைவு. ஒருவருக்குத் தன்னை யாரும் கவனிக்கக் கூடாது என்று நினைக்க ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் கெட்டதாகவும் இருக்கலாம், குறும்பாகவும் இருக்கலாம், அன்பாகவும் இருக்கலாம். சொல் அதைத் தீர்மானிப்பதில்லை. சுற்றியிருக்கும் வாக்கியம்தான் தீர்மானிக்கிறது.

பரிசுப் பொட்டலத்தை மகள் தலைமாட்டில் வைத்துவிட்டு அப்பா வெளியே வருகிறார். அங்கே 'ஹீ ஸ்னீக்ட் இன்டு ஹர் ரூம்' என்று வரும். இதை 'அவள் அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தார்' என்று தமிழில் எழுதினால் படிப்பவருக்குப் பகீர் என்கிறது. 'அவள் அறைக்குள் சத்தம் காட்டாமல் போனார்' என்றால் சரியாக இருக்கும். 'திருட்டுத்தனமாக' என்று போட்ட மாத்திரத்தில் அப்பா வில்லனாகிவிடுகிறார்.

அதே சமயம், இந்தச் சொல்லுக்குக் கறையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் எழுந்து வெளியே போனார் என்பது வெறும் தகவல். அதையே 'ஸ்னீக்ட் அவுட்' என்று சொன்னால், 'சொல்லிவிட்டுப் போகலாம் இல்லையா, ஏன் இப்படிப் போனார்?' என்ற கேள்வியும் அதோடு வந்துவிடும். நல்லதோ கெட்டதோ, மறைக்க ஏதோ இருந்தது என்ற வாசனை இந்தச் சொல்லில் எப்போதும் இருக்கும். அதனால் இன்னொருவரைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்வது நல்லது.

தமிழில் இதற்குச் சரியான ஒரே சொல் எது?

ஒரே சொல் கிடையாது, தேடவும் வேண்டாம். தமிழில் இதற்கு நிறையச் சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு மனநிலையைக் காட்டும்.

பேச்சுவழக்கில் ஸ்னீக்குக்கு மிக நெருக்கமாக வருவது 'நைசாக'. 'மீட்டிங் நடுவில் நைசாக நழுவிவிட்டான்' என்ற வாக்கியத்தில் சத்தமின்மை, சாமர்த்தியம், லேசான குறும்பு மூன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் நண்பர்களுக்குள் ஸ்னீக் என்று பேசும்போது வருகிற தொனியும் இதுதான். 'கமுக்கமாக' என்றால் வாய் திறக்காமல், வெளியே தெரியவிடாமல் செய்வது. நடந்து போவதற்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. திட்டமிட்டு ஒரு காரியத்தை முடிப்பதற்கு நன்றாகப் பொருந்தும். 'ஓசைப்படாமல்', 'அரவமில்லாமல்' இரண்டும் எழுத்துத் தமிழுக்கு ஏற்றவை, குற்றச் சாயல் இல்லாதவை. குழந்தை தூங்கும் அறைக்கு இவைதான் சரி.

'பதுங்கி' என்று சொன்னால் உடம்பு தாழ்கிறது, எதிரே ஆபத்தோ இரையோ இருக்கிறது. வேட்டைக் காட்சிக்கும் போர்க் காட்சிக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். 'திருட்டுத்தனமாக', 'கள்ளத்தனமாக' என்ற இரண்டையும், செய்பவர் உண்மையிலேயே தப்பு செய்கிற இடத்துக்கு மட்டும் ஒதுக்கிவைப்பது நல்லது. கூட்டமும் குழப்பமுமாக இருக்கும் நேரத்தைப் பயன்படுத்தி ஒருவர் உள்ளே நுழைந்தால் 'சந்தடி சாக்கில் உள்ளே புகுந்துவிட்டார்' என்று எழுதலாம். ஆங்கில மூலத்தில் வெறும் ஸ்னீக் என்றுதான் இருக்கும். ஆனாலும் தமிழில் அந்தச் சூழல் முழுவதும் வந்துவிடும்.

மொழிபெயர்ப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இவர் எதற்காக மறைகிறார்? அது தெரிந்துவிட்டால் சொல் தானாக வந்துவிடும்.

இன், அவுட், அவே, பாஸ்ட் என்றெல்லாம் பின்னால் சேர்கிறதே. என்ன வித்தியாசம்?

ஸ்னீக் தனியாக வருவது குறைவு. எந்தத் திசையில் என்று ஒரு சிறு சொல் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வரும்.

ஸ்னீக் இன் என்றால் தெரியாமல் உள்ளே வருவது. இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால் இன்டு: 'தே ஸ்னீக்ட் இன்டு த தியேட்டர்', அதாவது டிக்கெட் இல்லாமல் தியேட்டருக்குள் நுழைந்துவிட்டார்கள். ஸ்னீக் அவுட் என்றால் தெரியாமல் வெளியேறுவது, இடம் சொல்வதானால் அவுட் ஆஃப். ஸ்னீக் அவே, ஸ்னீக் ஆஃப் இரண்டும் இருந்த இடத்திலிருந்து நழுவுவது. ஆஃப் என்று வந்தால், வேறு எங்கோ போக மனதில் ஒரு திட்டம் இருக்கிறது என்ற சாயல் கொஞ்சம் கூடுதல். ஸ்னீக் பாஸ்ட் என்றால் ஒருவரைத் தாண்டிப் போவது: 'ஐ ஸ்னீக்ட் பாஸ்ட் த கார்ட்', காவலர் கண்ணில் படாமல் அவரைத் தாண்டிவிட்டேன். ஸ்னீக் அரௌண்ட் என்றால் ஒரு முறை போய்வருவதோடு நிற்காமல், தொடர்ந்து ஒளிவுமறைவாகத் திரிவது. கணவனோ மனைவியோ இன்னொரு உறவை மறைத்து நடத்துவதைச் சொல்லவும் ஆங்கிலப் படங்களில் இது அடிக்கடி வரும். அங்கே மட்டும் கண்டனம் தெளிவாகவே இருக்கிறது.

ஸ்னீக் அப் ஆன் என்பது?

பின்பக்கமாகவோ எதிர்பாராத பக்கத்திலிருந்தோ ஒருவரைச் சத்தமில்லாமல் நெருங்குவது. 'டோன்ட் ஸ்னீக் அப் ஆன் மீ லைக் தட்!' என்று ஒருவர் அலறினால், 'இப்படிப் பின்னாடி வந்து நிற்காதே, பயந்துட்டேன்' என்று பொருள். நெருங்கியவர் அதை வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவர் வந்தது தெரியவில்லை, அது போதும்.

இந்தத் தொடர் மனிதர்களை விட்டு வெளியே வரும்போது இன்னும் அழகாகிவிடுகிறது. தேர்வு, கடைசித் தேதி, முதுமை, தூக்கம் எல்லாமே ஆங்கிலத்தில் ஸ்னீக் அப் ஆன் செய்யும். 'த டெட்லைன் ஸ்னீக்ட் அப் ஆன் அஸ்' என்பதைக் 'கடைசித் தேதி எங்களைப் பதுங்கி நெருங்கியது' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் தமிழ் விறைத்துப்போகும். 'கடைசித் தேதி வந்ததே தெரியவில்லை' என்பதுதான் தமிழ். வயதைப் பற்றியும் நாம் அப்படித்தான் சொல்கிறோம்: வயசானதே தெரியவில்லை.

ஆளுக்குப் பதில் பொருளையும் ஸ்னீக் செய்யலாமா?

செய்யலாம். ஒரு பொருளைத் தெரியாமல் கொண்டுவருவது, கொடுப்பது, எடுப்பது எல்லாவற்றுக்கும் இது வரும். 'ஷீ ஸ்னீக்ட் ஹிம் எ நோட்' என்றால் யாரும் பார்க்காமல் அவன் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தாள். மருத்துவமனை விதியை மீறி நோயாளியின் செல்ல நாயைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தால், நாயை ஸ்னீக் இன் செய்தார்கள் என்பார்கள்.

எழுத்திலும் பேச்சிலும் செய்யலாம். நீண்ட ஒப்பந்தத்தின் நடுவில் யாரும் கவனிக்காதபடி ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது, உரையின் நடுவே ஒரு விளம்பரத்தை நுழைப்பது எல்லாம் இதில் அடங்கும். தமிழில் இதற்கு 'நுழைத்துவிட்டார்கள்', 'செருகிவிட்டார்கள்' என்பவை நன்றாகப் பொருந்துகின்றன. 'திணித்தார்கள்' பொருந்தாது. திணிப்பது எல்லோருக்கும் தெரியும்படி பலவந்தமாக நடப்பது.

ஸ்னீக் எ லுக், ஸ்னீக் எ க்ளான்ஸ் என்றால் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வது. கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மேசைக்கு அடியில் செல்போன் திரையைப் பார்ப்பவர் செய்வது இதுதான்.

இறந்தகாலம் ஸ்னீக்டா, ஸ்னக்கா? எது சரி?

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆங்கிலம் பேசுபவர்களே இதில் கட்சி பிரிந்து வாதாடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பழைய வடிவம் ஸ்னீக்ட். ஸ்னீக் என்ற வினை 16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து எழுத்தில் கிடைக்கிறது. அப்போதிருந்தே அது மற்ற சாதாரண வினைகளைப் போல 'ட்' சேர்த்து இறந்தகாலம் ஆனது. ஸ்னக் என்ற வடிவம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் எட்டிப் பார்த்தது. 1887 அளவிலேயே அச்சில் இருக்கிறது. முதலில் படிக்காதவர்கள் பேச்சு என்று ஒதுக்கினார்கள். நூறு ஆண்டுக்குள் அது அமெரிக்காவிலும் கனடாவிலும் சாதாரணப் பேச்சாகிவிட்டது. இன்றைக்குப் பெரிய அகராதிகள் இரண்டையும் தருகின்றன. பிரிட்டனில் ஸ்னீக்ட்தான் இன்னமும் பாதுகாப்பானது, ஆனால் இளையவர்கள் பேச்சில் அங்கேயும் ஸ்னக் கேட்கிறது.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. காலம் செல்லச் செல்ல ஒழுங்கற்ற வினைகள் ஒழுங்குக்கு வருவதைத்தான் ஆங்கிலத்தில் அதிகம் பார்க்கிறோம். ஸ்னீக் எதிர்த்திசையில் போயிருக்கிறது. அதுவும் முன்மாதிரி இல்லாமல். லீக் என்பதன் இறந்தகாலம் லக் ஆவதில்லை, ஸ்க்வீக் என்பது ஸ்க்வக் ஆவதில்லை. ஸ்டிக் என்பது ஸ்டக் ஆவது, ஸ்ட்ரைக் என்பது ஸ்ட்ரக் ஆவது போன்றவற்றின் ஓசை மக்கள் காதில் இருந்திருக்க வேண்டும். சட்டென்று முடியும் 'ஸ்னக்' என்ற ஒலி, சட்டென்று மறைந்துவிடும் அந்தச் செயலுக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது.

சரி, நீங்கள் எதை எழுதுவது? தேர்விலும் அலுவலக எழுத்திலும் ஸ்னீக்ட் எழுதுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது. அமெரிக்க நண்பரோடு பேசும்போது ஸ்னக் தாராளமாக வரலாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஒருவரையே 'எ ஸ்னீக்' என்று சொல்கிறார்களே?

பெயர்ச்சொல்லாக ஒரு மனிதரைக் குறிக்கும்போது இது திட்டுதான். நேர்மையில்லாத, பின்னால் ஒன்று முன்னால் ஒன்று நடக்கிற ஆள் என்று பொருள். வினையாக இருக்கும்போது இருக்கிற மென்மை இங்கே இல்லை.

பிரிட்டிஷ் பள்ளிப் பேச்சில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. கூடப் படிப்பவர் செய்த தப்பை ஆசிரியரிடம் போய்ச் சொல்பவர் எ ஸ்னீக். நம் பேச்சில் 'போட்டுக் கொடுக்கிறவன்', 'கோள்மூட்டி'. வினையாக 'ஸ்னீக் ஆன் சம்படி' என்று வரும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: ஸ்னீக் ஆன் என்றால் போட்டுக் கொடுப்பது, ஸ்னீக் அப் ஆன் என்றால் சத்தமில்லாமல் நெருங்குவது. நடுவில் ஒரே ஒரு 'அப்' விட்டுப்போனால் கதையே மாறிவிடும். அமெரிக்காவில் போட்டுக் கொடுப்பது என்ற பொருள் பெரும்பாலும் இல்லை.

ஸ்னீக்கி என்று சொன்னால் பாராட்டா, திட்டா?

யார் யாரைச் சொல்கிறார், எந்த முகத்தோடு சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. அலுவலகத்தில் 'தட் வாஸ் ஸ்னீக்கி' என்று ஒருவர் முகம் சுளித்துச் சொன்னால், நீங்கள் முதுகுக்குப் பின்னால் ஏதோ செய்துவிட்டீர்கள் என்று குற்றம் சாட்டுகிறார். சீட்டு விளையாட்டில் எதிராளி சிரித்துக்கொண்டே அதையே சொன்னால், 'பலே ஆளுப்பா நீ' என்று மெச்சுகிறார். பூனைகளையும் சின்னக் குழந்தைகளையும் பற்றிச் சொல்லும்போது அது கிட்டத்தட்ட கொஞ்சல்.

எழுத்தில் முகம் தெரியாது. அதனால் மின்னஞ்சலில் இந்தச் சொல்லை விளையாட்டாகப் போடாமல் இருப்பது நல்லது.

ஸ்னீக்கிங் சஸ்பிஷன் என்றால்?

ஆதாரம் இல்லை, வெளியே சொல்லவும் முடியவில்லை, ஆனால் மனதின் ஒரு மூலையில் கிடந்து அரிக்கும் சந்தேகம். 'ஐ ஹாவ் எ ஸ்னீக்கிங் சஸ்பிஷன் தட் ஹீ நோஸ்' என்பதற்கு 'அவனுக்குத் தெரியுமோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம்' என்று சொல்லலாம். ஸ்னீக்கிங் அட்மிரேஷன் என்றும் உண்டு. பிடிக்காத ஒருவர் மேல், ஒப்புக்கொள்ள மனமில்லாமல் எழும் மதிப்பு அது.

ஸ்னீக் பீக், ஸ்னீக் ப்ரிவ்யூ: இரண்டும் ஒன்றா?

நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. ஸ்னீக் ப்ரிவ்யூ ஹாலிவுட் தந்த சொல். 1930-களில் ஸ்டுடியோக்கள் புதுப் படத்தை வெளியிடும் முன், பெயரை அறிவிக்காமல் ஏதாவது ஒரு தியேட்டரில் போட்டுக் காட்டுவார்கள். வேறு படம் பார்க்க வந்தவர்களுக்குத் திடீரென்று புதுப் படம் கிடைக்கும். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே எழுந்து போகிறார்கள் என்று பார்த்து, கருத்துச் சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு, அதன்படி படத்தை வெட்டி ஒட்டுவார்கள். உண்மையிலேயே ஒளித்துச் செய்ததால்தான் அந்தப் பெயர். பிறகு அறிவித்துவிட்டே நடத்தும் முன்காட்சிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

ஸ்னீக் பீக் இன்னும் சின்னது, இன்னும் பொதுவானது. வெளிவராத எதையும் லேசாகக் காட்டுவது. 'முன்னோட்டம்' என்ற சொல் இரண்டுக்கும் ஓரளவு ஒத்துவரும்.

எழுத்துப் பிழை ஒன்று உலகம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. எட்டிப் பார்ப்பது என்ற பொருள் தரும் பீக்கில் நடுவே 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இரண்டு முறை வரும். மலை உச்சி என்ற பொருள் தரும் பீக்கில் 'ஈ', 'ஏ' வரும். ஸ்னீக்கில் 'ஈ', 'ஏ' இருப்பதால் கை தானாக அடுத்த சொல்லிலும் அதையே தட்டிவிடுகிறது. அப்படி எழுதினால் ஒளிந்து நகரும் மலை உச்சி என்று ஆகிவிடும். ட்விட்டரில் இந்த ஒரு பிழையை மட்டும் தேடித் திருத்துவதற்கென்றே ஒரு தானியங்கிக் கணக்கு இருந்தது. அதன் பெயரே ஸ்டெல்த் மவுண்டன், அதாவது மறைந்து நகரும் மலை. நினைவில் நிறுத்த எளிய வழி: பார்ப்பதற்கு இரண்டு கண், எனவே எட்டிப் பார்க்கும் பீக்குக்கு இரண்டு 'ஈ'.

ஸ்னீக்கர்ஸ் என்ற காலணிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. தோல் அடிப்பாகம் தரையில் 'டக் டக்' என்று கேட்கும், ரப்பர் கேட்காது. அதனால் ரப்பர் அடிப்பாகக் காலணி ஸ்னீக் செய்ய உதவும் காலணி ஆனது.

1862-இல் வெளிவந்த, இங்கிலாந்தின் பெண்கள் சிறை பற்றிய ஒரு நூலில் இதன் மூதாதை இருக்கிறது. இரவில் சுற்றிவரும் காவல் பெண்கள் ரப்பர் காலணி அணிந்திருந்தார்கள். கைதிகள் அவற்றை ஸ்னீக்ஸ் என்று அழைத்தார்களாம். மறைந்து நடந்தது கைதி இல்லை, காவலர்! ஸ்னீக்குக்குத் திருடன்தான் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

பிறகு அமெரிக்காவில் ஸ்னீக்கர்ஸ் என்ற வடிவம் பிடித்துக்கொண்டது. 1917-இல் கெட்ஸ் காலணிகளுக்கு விளம்பரம் செய்தவர் உருவாக்கிய சொல் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அமெரிக்க அச்சில் இந்தச் சொல் வந்துவிட்டது. பிரிட்டனில் இதே காலணியை ட்ரெய்னர்ஸ் என்பதுதான் வழக்கம்.

க்ரீப், லர்க், ப்ரௌல், ஸ்கல்க், ஸ்லிங்க்: இவையும் இதே பொருள்தானே?

ஒரே குடும்பம்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் இருக்கிறது.

க்ரீப் என்றால் மிக மெதுவாக, ஊர்வதுபோல நகர்வது. ஸ்னீக் வேகமாகவும் இருக்கலாம், க்ரீப் முடியாது. நிழல், மூடுபனி, விலைவாசி எல்லாம் க்ரீப் செய்யும். இறந்தகாலம் க்ரெப்ட். லர்க் செய்பவர் நகர்வதே இல்லை, மறைந்து காத்திருக்கிறார். இணையக் குழுக்களில் எதுவும் எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவரை லர்க்கர் என்பது இதனால்தான். அங்கே அது கெட்ட பெயரும் இல்லை. ப்ரௌல் என்றால் இரை தேடி அலைவது. புலி ப்ரௌல் செய்யும், இரவில் வீடுகளை நோட்டம் விடும் ஆளும் செய்வார். ஸ்னீக் செய்பவருக்குப் போகும் இடம் தெரியும். ப்ரௌல் செய்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதே தெரியாது, தேடுகிறார்.

ஸ்கல்க் என்பதில் கோழைத்தனமோ கடமையைத் தட்டிக்கழிப்பதோ இருக்கும். நரிக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் எ ஸ்கல்க் ஆஃப் ஃபாக்சஸ் என்றே பெயர். ஸ்லிங்க் என்றால் வெட்கப்பட்டோ தோற்றோ தலை குனிந்து நழுவுவது. அதட்டு வாங்கிய நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு போகுமே, அது ஸ்லிங்க். இறந்தகாலம் ஸ்லங்க்.

அப்புறம் ஸ்டீல். திருடுவது என்று நாம் படித்த அதே சொல். 'ஷீ ஸ்டோல் இன்டு த ரூம்' என்றால் அவள் எதையும் திருடவில்லை, அரவமில்லாமல் அறைக்குள் வந்தாள். கதைகளில் வரும் கொஞ்சம் கவித்துவமான வழக்கு இது. இரண்டு மொழிகளும் இங்கே கைகோக்கின்றன: திருட்டுச் சொல்லே மறைவுச் சொல்லாகவும் ஆவது தமிழில் 'கள்ளப் பார்வை'யில் நடந்திருக்கிறது.

ஸ்டெல்த் என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஸ்னீக்குக்குப் பதில் அதைச் சொல்லலாமா?

ஸ்டீல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் அது. இடைக்கால ஆங்கிலத்தில் திருட்டு என்றே பொருள். இன்று அந்தப் பொருள் போய்விட்டது, மறைந்து இயங்கும் திறன் என்று ஆகிவிட்டது. ரேடாரில் எளிதில் சிக்காத விமானத்தை ஸ்டெல்த் விமானம் என்கிறோம். எஃப்-117 என்ற அமெரிக்க விமானம் 1981-இலேயே பறந்தது, அப்படி ஒன்று இருப்பதை 1988 வரை அரசு ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டெல்த் என்பதில் தொழில்நுட்பமும் பயிற்சியும் தெரிகின்றன, ஒரு கௌரவம் இருக்கிறது. ஸ்னீக் அன்றாடச் சொல். ஒரு படைப்பிரிவைப் பற்றி எழுதும்போது ஸ்டெல்த் பொருந்தும், வகுப்பிலிருந்து நழுவிய மாணவனுக்கு ஸ்னீக் பொருந்தும்.

ஸ்னேக் என்ற பாம்பும் ஸ்னீக்கும் ஒரே வேரா?

ஒலியைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஊர்வது என்று பொருள்படும் ஸ்னீகன் என்ற பழைய ஆங்கில வினையோடு ஸ்னீக்கைத் தொடர்புபடுத்துகிறார்கள். பாம்பின் பெயரும் ஊர்தல் என்ற கருத்திலிருந்து வந்ததே. ஆனால் ஸ்னீகனிலிருந்து ஸ்னீக் நேராக வந்ததாகச் சொல்ல முடியாதபடி ஒலி மாற்றம் ஒத்துப்போகவில்லை. நடுவில் பல நூற்றாண்டு இடைவெளியும் இருக்கிறது. அதனால் அகராதிகள் 'இருக்கலாம்' என்ற அளவோடு நிறுத்திக்கொள்கின்றன.

வேறு துறைகளில் இந்தச் சொல் எப்படி வருகிறது?

போர்ச் செய்திகளில் ஸ்னீக் அட்டாக். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதை அமெரிக்கர்கள் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். போர் அறிவிக்காமல் அடித்தார்கள் என்ற கோபம் அதில் இருக்கிறது. சர்ப்ரைஸ் அட்டாக் என்றால் அந்தக் கோபம் வராது.

அமெரிக்காவின் ஓரிகன், வட கலிபோர்னியா கடற்கரைகளில் ஸ்னீக்கர் வேவ் என்று எச்சரிக்கை வைப்பார்கள். அமைதியாகத் தெரியும் கடலிலிருந்து திடீரென்று ஒரு பெரிய அலை கரைமேல் வெகுதூரம் ஏறி, நிற்பவரை இழுத்துக்கொண்டு போய்விடும். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள் என்பதுதான் அங்கே முதல் அறிவுரை. கணினித் துறையில் ஸ்னீக்கர்நெட் என்றால், இணைப்பு எதுவும் இல்லாமல் கோப்புகளை டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ ஏற்றிக் கையோடு நடந்து கொண்டுபோய்க் கொடுப்பது.

பொறியியலில் ஸ்னீக் சர்க்யூட் என்று ஒன்று உண்டு. எந்த உறுப்பும் பழுதாகாமலே, வடிவமைத்தவர் நினைக்காத பாதையில் மின்சாரம் ஓடிவிடுவது. 1960 நவம்பர் 21 அன்று நாசாவின் மெர்குரி-ரெட்ஸ்டோன் 1 ராக்கெட்டுக்கு இதுதான் நேர்ந்தது. ஏவுதளத்தில் கழல வேண்டிய மின் இணைப்புகள் வரிசை மாறிக் கழன்றன. எதிர்பாராத வழியில் ஓடிய மின்சாரம் எஞ்சினை நிறுத்திவிட்டது. ராக்கெட் ஏறியது சுமார் 4 அங்குலம். அப்படியே திரும்பத் தளத்தில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே ஆள் இல்லை, நல்லவேளை. இங்கே யாருக்கும் எண்ணம் என்று ஒன்று இல்லை, ஆனாலும் 'கண்ணில் படாமல் நுழைந்தது' என்ற மையப் பொருள் அப்படியே நிற்கிறது.

அலுவலக, கல்வி எழுத்தில் ஸ்னீக் வரலாமா?

தவிர்ப்பது நல்லது. அது பேச்சுச் சொல், கூடவே ஒரு தீர்ப்பையும் கொண்டுவருகிறது. புகார்க் கடிதத்தில் 'அவர் அறையிலிருந்து ஸ்னீக் அவுட் செய்தார்' என்று எழுதினால் அவர் மனதில் இருந்ததை நீங்களே முடிவு செய்ததாக ஆகும். 'லெஃப்ட் வித்தவுட் இன்ஃபார்மிங் எனிஒன்' என்று நடந்ததை மட்டும் எழுதலாம். கவனிக்கப்படாமல் என்று மட்டும் சொல்ல அன்நோட்டீஸ்ட், ரகசிய நடவடிக்கைக்குக் கோவெர்ட்லி, பிறர் அறியாமல் வேண்டுமென்றே செய்ததற்கு சர்ரெப்டிஷஸ்லி. கடைசிச் சொல் கனமானது. சட்டம் சார்ந்த எழுத்தில் தவிர மற்ற இடங்களில் சீக்ரெட்லி போதும்.

உச்சரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

நடுவில் வருவது நெடில் 'ஈ'. அதைக் குறுக்கினால் கேட்பவருக்கு வேறு சொல்போலக் கேட்கும், 'ஏ' ஆக்கினால் பாம்பாகிவிடும். முன்னால் 'இ' சேர்த்து 'இஸ்னீக்' என்று சொல்லும் பழக்கம் இருந்தால், 'ஸ்' என்ற ஒலியைத் தனியாக இழுத்துப் பழகி அப்புறம் 'னீக்' சேர்த்துப் பாருங்கள். ஸ்னீக்ட் என்பதில் கடைசி ஒலி 'ட்' மட்டும். 'ஸ்னீக்கெட்' என்று இரண்டு அசையாகச் சொல்லக் கூடாது.